கட்டைவிரல் பார்த்த எண்ணெய்

துணியைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவர் வாடிக்கையாளர். கட்டைவிரலால் பார்த்து வாங்குகிறவர் வியாபாரி. ஜவுளிக்காரர் இரண்டாவது வகை. துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டே இரண்டு தேய்ப்பு. நூல் என்ன தரம், எத்தனை சலவை தாங்கும், கஞ்சி போட்டு உடம்பு காட்டியிருக்கிறார்களா என்பதெல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். மொத்தக் கடைகளில் அவருக்குப் பெயரே கட்டைவிரல். அவர் தெருமுனையில் வரும்போதே மட்டமான சரக்கை உள்ளே இழுத்து வைப்பார்கள். நாற்பது வருஷத்தில் அந்த விரல் ஒரே ஒரு தடவைதான் ஏமாந்தது. அதுவும் துணியில் இல்லை.

கடை முன்பக்கம், வீடு பின்பக்கம், பக்கத்துச் சந்தில் தகரக் கதவு போட்ட கொட்டகை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கொட்டகையில் நிற்கிற காரின் முதுகு தெரியும். கரும்பச்சை நிறம், உருண்டைத் தோள்கள், கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி இரண்டு விளக்குகள். அவருடைய மனைவியைவிட நான்கு வயது மூத்த கார். அவளுடைய அப்பா ஓட்டியது. அவருக்குப் பிறகு இவளுக்கு வந்தது. வந்த புதிதில் ஜவுளிக்காரர் ஒரே ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். கார் நேராகப் போய் அவர் கடையின் பெயர்ப் பலகையையே இடித்துச் சாய்த்தது. "எதிர்க்கடைப் பலகையா இருந்தாலாவது லாபம்" என்று சொல்லிச் சாவியை மனைவியிடம் கொடுத்தவர்தான். அதற்குப் பிறகு முப்பது வருஷமாக அவர் இடம் பக்கத்து இருக்கை.

கடை அவருடையது என்றால் சந்தை அவளுடையது. வியாழக்கிழமைதோறும் பின் இருக்கையில் துணிச் சுருள்களை அடுக்கிக்கொண்டு, மேட்டுச் சாலை ஏறி இறங்கி, பக்கத்து ஊர்ச் சந்தையில் கடை விரிப்பாள். அங்கே அவளுக்குப் பெயர் கறார் அக்கா. அவள் சொன்ன விலையை இறக்குவதைவிடப் பெய்த மழையை மேலே ஏற்றுவது சுலபம் என்பார்கள். நாமும் அக்கா என்றே சொல்லுவோம். வேறு மாதிரி கூப்பிட்டால் விலை ஏறிவிடும்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, அக்கா துணிச் சுருளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது கயிற்று முனை இடது கையிலிருந்து நழுவியது. எடுத்தாள், மறுபடி நழுவியது. மூன்றாவது தடவை நழுவியபோது அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. நாற்பது நாள் ஆஸ்பத்திரி. பிறகு வீட்டில் மூன்று மாதம் ரப்பர் பந்தை அமுக்கினாள். காலை நூறு, மாலை நூறு. கடைசியில் டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து, விரல் விரலாக மடக்கிப் பார்த்துவிட்டு, கைகால் சரியாகிவிட்டது, இனி வண்டி ஓட்டலாம் என்றார்.

மறுநாள் விடிந்ததும் அக்கா காரை எடுத்தாள். முதல் கியரில் சந்து முனையைத் தாண்டினாள். இரண்டாவதற்கு மாற்றும்போது, முப்பது வருஷமாக வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கிய கியர்க் கம்பி, 'கர்ர்ர்' என்று கத்தியது. திரும்பப் போட்டாள், திரும்பக் கத்தியது. மூன்றாவதிலும் கத்தியது. தெருமுனையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

"என் கை போச்சுங்க."

ஜவுளிக்காரர் உள்ளே போனார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

அப்புறம் மூன்று வாரம், ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் எடுத்து எடுத்துப் பார்த்தாள். குளிர் அதிகமான காலைகளில் அது இன்னும் மோசமாகக் கத்தியது. கடைசியில் சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டாள். வியாழக்கிழமைக்கு வாடகை வேன் வந்தது. வேன்காரன் பக்கத்தில், மடியில் பையோடு, அவளும் ஒரு சுருள் மாதிரி உட்கார்ந்து போய் வந்தாள். சந்தையில் இருந்தவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். கறார் அக்கா விலை இறக்குகிறாள். ஒரு பெண் சும்மா வழக்கத்துக்காகக் குறைத்துக் கேட்டாள்; அக்கா சரி என்றாள். கேட்டவளே பயந்துபோய், துணியில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தாளாம். இடது கையை நம்ப முடியாதவளுக்குத் தன் வாயையும் நம்ப முடியாமல் போயிற்று.

ஓட்டாத வண்டி நிற்க நிற்கத் துருப்பிடிக்கும், பார்க்கப் பார்க்க மனசும் துருப்பிடிக்கும் என்று சொல்லி, ஒரு நாள் அவளே கார்த் தரகருக்கு ஆள் அனுப்பினாள்.

தரகருக்குக் கால்விலை என்று பெயர். எதைக் காட்டினாலும் அதன் விலையில் கால்பங்கில்தான் பேச்சைத் தொடங்குவார். ஞாயிற்றுக்கிழமை காலை, பனி இன்னும் தகரத்தில் சொட்டிக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். காரை இரண்டு தடவை சுற்றி வந்தார். டயரை உதைத்தார். கதவைத் திறந்து மூடி, அந்தச் சத்தத்தைக் கேட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நல்ல கதவு என்று அதற்கு அர்த்தம்.

"இது கார் இல்லக்கா. இது ஒரு மரியாதை. ஆனா பாருங்க, மரியாதைக்கு இப்ப மார்க்கெட் இல்ல."

"ஓட்டிப் பாத்துட்டுப் பேசு" என்று அக்கா சாவியைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் முட்டைகள் ஒன்றையொன்று தட்டிக்கொண்டன. சந்தில் இஞ்சின் கிளம்புவது கேட்டது. வேண்டாமென்றாலும் காது கூடவே போயிற்று. இதோ தகரக் கதவைத் தாண்டுகிறது. இதோ ரொட்டிக்கடை. இப்போது இரண்டாவது மாற்ற வேண்டும்.

கர்ர்ர்.

அக்காவின் கையிலிருந்த கரண்டி நின்றது. கொஞ்ச தூரத்தில், மூன்றாவதில், இன்னொரு கர்.

தரகர் திரும்பி வந்தபோது அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஜவுளிக்காரர் கடையிலிருந்து வந்து ஓரமாக நின்றார். தரகர் இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்து, யாரோ இறந்த செய்தி சொல்ல வந்தவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"மேல்பூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கியர்ப்பெட்டி போச்சுக்கா."

"என்ன சொன்னே?"

கோபித்துக்கொண்டாள் என்று நினைத்துத் தரகர் கொஞ்சம் தளர்ந்தார். "சுத்தமாப் போச்சுன்னு சொல்லல. லேசா ஒரு கத்தல் இருக்கு. வயசான வண்டின்னா..."

"குறைச்சுச் சொல்லாதே. கத்துச்சா இல்லையா?"

தரகர் தன் ஆயுளில் இப்படி ஒரு பேரத்தைப் பார்த்ததில்லை. விற்கிறவள், குறையைக் குறைக்காதே என்கிறாள்.

"கத்துச்சுக்கா. ரெண்டாவதுல நல்லாவே கத்துச்சு. மூணாவதுலயும்."

"உன் கையிலயா?"

"என் கைக்கு என்ன? இருபத்தஞ்சு வருஷமா ஊரான் வண்டியெல்லாம் இந்தக் கைதான் ஓட்டுது. கத்துறது பெட்டிக்கா. உள்ள இருக்கிறதெல்லாம் தேஞ்சு, பல்லு போன கிழவி மாதிரி ஆயிருக்கும். பிரிச்சா பாதி சாமான் கிடைக்காது. அந்தக் காயலாங்கடைப் பெட்டியை வெச்சுக்கிட்டு நீங்க..."

சரக்கைக் குறை சொல்வது வாங்குகிறவரின் கடமை. அதற்குப் பதில் சொல்வது விற்கிறவரின் கடமை. கல்லாவில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவருக்கு, எதிரில் ஒருத்தர் சரக்கை மட்டம் தட்டினால் மூளைக்குச் செய்தி போகும் முன்பே நாக்கு கிளம்பிவிடும். நுணல் தன் வாயால் கெட்டது என்பார்கள். அது வியாபாரி வீட்டு நுணலாகத்தான் இருக்க வேண்டும்.

"யாரு பெட்டியைப் பாத்துக் காயலாங்கடைங்கறே?" என்றார் ஜவுளிக்காரர். "ஏழு மாசம் கூட ஆகல, இருக்கிறதுலயே ஒசத்தி எண்ணெயாப் பாத்து நானே என் கையால மாத்தியிருக்கேன். கெட்டியான எண்ணெய். தேன் மாதிரி."

தகரத்திலிருந்து பனி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா திரும்பிப் பார்த்தாள். அவர் தேன் என்ற சொல்லோடு வாயை மூட மறந்து நின்றார்.

"ஏழு மாசமா?" என்றாள். "நான் ஆஸ்பத்திரியில இருந்தப்பவா?"

"சும்மா... ஒரு..."

"உள்ள போய் முட்டையை இறக்குங்க. தண்ணி வத்திடும்."

தரகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இது விலை ஏற்ற இரண்டு பேரும் சேர்ந்து போடுகிற நாடகமா என்று ஒரு கணம் சந்தேகப்பட்டிருப்பார். அக்கா அவர் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.

"ஒரு முட்டை சாப்பிட்டுப் போ. வண்டி விக்கிறதுக்கில்ல."

"கால்விலைக்கு மேலயும் பேசலாம்க்கா, நான் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்ல."

"நீ இன்னைக்குக் குடுத்ததுக்கு விலையே கிடையாது. உப்பு வேணுமா?"

மெக்கானிக் இரண்டு தெரு தள்ளி ஸ்கூட்டர் பட்டறை வைத்திருக்கிறவர். முணுமுணுப்பு என்று பெயர். ஆட்களோடு அளவாகப் பேசுவார். போல்ட்டுகளோடு நாள் முழுக்கப் பேசுவார். பழைய வண்டிமேல் அவருக்குப் பிரியம் ஒன்றும் கிடையாது. புதுசில் நான்கு ஸ்குரூ இருக்கிற இடத்தில் பழசில் பதினாலு இருக்கும் என்பது அவர் கட்சி. அக்கா கூப்பிட்டாள் என்பதற்காக வந்தார்.

"வண்டி இப்பத்தான் ஓடிச்சா? நல்லது. சூட்டோட இருந்தாத்தான் எண்ணெய் இறங்கும்" என்று சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போனார். கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, இதை யாரு தொட்டது?"

"ஏன்?"

"ஊத்துற மூடியில உளி அடிச்ச காயம் இருக்கு. கட்டடக் கொத்தனார் யாராவது வந்தாங்களா?"

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"நான்தான். அது திறக்கல" என்றார்.

"எது மொதல்ல திறந்தீங்க? கீழ்மூடியா, மேல்மூடியா?"

"கீழது. பழசு போனாத்தானே புதுசு ஊத்த முடியும்?"

மெக்கானிக் அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். "ஊத்துற வழி திறக்குதான்னு பாத்துட்டுத்தாண்ணே வடியிற வழியைத் திறக்கணும். எல்லாத்தையும் வடிச்சுட்டு, ஊத்த முடியலன்னா அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"அதான் உளியை எடுத்தேன்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஆஸ்பத்திரியில காலையில ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம்தான் உள்ள விடுவாங்க. நடுவுல இருக்கிற நேரம் பூரா."

அக்கா காருக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

மெக்கானிக் மேல்மூடியைத் தளர்த்தி, கொஞ்சம் எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார். முகம் சுருங்கியது. அந்த விரலை அக்காவிடம் நீட்டினார். அவளும் முகர்ந்தாள். பூண்டும் கந்தகமும் கலந்த ஒரு நெடி.

"இது எங்க கிடைச்சது உங்களுக்கு?" என்றாள்.

ஜவுளிக்காரர் சொன்னார். எண்ணெய்க் கடையில் ஏழு டப்பாவைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, கட்டைவிரலில் வைத்து, கண்ணை மூடி, இரண்டு தேய்ப்பு. நீர்த்துப்போனதெல்லாம் மட்டம் என்று ஒதுக்கினார். கடைசியாகத் தொட்டது விரலைவிட்டுப் போகவே மாட்டேன் என்றது. இதுதான் சரக்கு என்று வாங்கி வந்துவிட்டார்.

"கார் கூட வந்த புத்தகம் முன்னாடி பெட்டியிலதான் இருக்கு. அதைப் பாக்கலையா?"

"பாத்தேன். கியருக்கும் இஞ்சின் எண்ணெயையே ஊத்துன்னு போட்டிருந்தது."

"அப்புறம்?"

"அச்சுப்பிழைன்னு நெனச்சேன்."

மெக்கானிக் மறுபடி அடியில் போய்விட்டார். அங்கேயிருந்து ஒரு மாதிரி இருமல் கேட்டது, சிரிப்பாகவும் இருக்கலாம்.

"உங்கப்பாவும் நீயும் இத்தனை வருஷமாச் சிக்கனம் பண்றீங்கன்னு நெனச்சேன்" என்றார் ஜவுளிக்காரர் மெதுவாக. "ஒரு தடவையாவது அதுக்கு நல்லதா ஊத்தலாமேன்னு."

"அண்ணே, இது லாரியோட பின் அச்சுக்கு ஊத்துறது" என்றது அடியிலிருந்து குரல். "அதுக்கு இது நல்லதுதான். இந்தப் பெட்டிக்குள்ள பித்தளை வளையம் இருக்கு. உள்ள சக்கரம் ஒவ்வொண்ணும் ஒரு வேகத்துல சுத்தும். வளையம் ஒட்டிப் புடிச்சு ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வந்தாத்தான் பல்லு பல்லுக்குள்ள சத்தமில்லாமப் போகும். நீங்க ஊத்தின தேன்ல வளையம் வழுக்குது. புடிக்க மாட்டேங்குது. புடிக்கலன்னா இடிக்கும். இடிச்சாக் கத்தும். யாரு கையா இருந்தாலும் கத்தும்."

"யாரு கையா இருந்தாலும்" என்றாள் அக்கா.

"போதாக்குறைக்கு அதுல ஒரு மருந்து போடுறாங்க. இரும்புக்கு அது நல்லது, பித்தளைக்கு ஆகாது. அரிக்கும்."

ஜவுளிக்காரருக்கு இதுதான் பொறுக்கவில்லை. வழுக்கும் என்றால்கூட ஒப்புக்கொண்டிருப்பார். விரலில் அவ்வளவு மெத்தென்று இருந்தது அரிக்கும் என்றால் எப்படி நம்புவது? மெக்கானிக் வாதம் செய்யவில்லை. பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதான் என்று சொல்லி, ஒரு செம்புக் கம்பி கேட்டார். பழைய சுவிட்சிலிருந்து உருவிக் கொடுத்தார்கள். அதை இரண்டு துண்டாக்கி, பளபளவென்று உப்புத்தாளால் தேய்த்து, ஒரு டப்பாவில் இந்த எண்ணெயும் இன்னொரு டப்பாவில் பரண்மேல் இருந்த அக்காவின் இஞ்சின் எண்ணெயும் ஊற்றி, டப்பாவுக்கு ஒரு கம்பியைப் போட்டு, அடுப்பைக் கேட்டார்.

"முட்டை வேகவெக்கிற பாத்திரத்தைத் தொட்டா உன்னை வேகவெப்பேன்" என்று சொல்லி அக்கா டப்பாக்களை அடுப்பில் வைக்க ஒரு தகர மூடியை எடுத்துக் கொடுத்தாள்.

சமையலறை முழுவதும் கந்தக வாடை. முக்கால் மணி நேரம், ஒரு டீக்கும் நான்கு துண்டு ரொட்டிக்கும் நடுவில், இரண்டு டப்பாக்களும் மெல்லக் காய்ந்தன. பிறகு மெக்கானிக் குறட்டால் கம்பிகளை வெளியே எடுத்து, துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அக்காவின் எண்ணெயில் கிடந்தது புதுக் காசு மாதிரி இருந்தது. மற்றது தீய்ந்த தீக்குச்சி மாதிரி கறுத்திருந்தது.

ஜவுளிக்காரர் கறுத்த கம்பியை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, ஒரு தடவை தேய்த்தார். கறுப்பு போகவில்லை.

"அக்கா, வண்டி இவ்வளவு நாள் ஓடாம நின்னது நல்லதாப் போச்சு" என்றார் மெக்கானிக். "ஓடியிருந்தா வளையத்தைத் தின்னு முடிச்சிருக்கும். இப்பப் பித்தளைக்கு ஒத்துப்போற கியர் எண்ணெயும் வருது, ஊத்தலாம்."

"சத்தம் போடாமப் போகுமா?"

"போகும். ஆனா இதுக்கு வயசாச்சு. கிழவனுக்குப் பழகின சாப்பாடே போதும்னா புத்தகத்துல இருக்கிறதையே ஊத்திடலாம்."

"பழகினதையே ஊத்து."

கீழ்மூடியைத் திறந்ததும் எண்ணெய், கறுப்புக் கயிறு மாதிரி நீளமாக, அவசரமே இல்லாமல் தட்டில் இறங்கியது. மெக்கானிக் தட்டைச் சாய்த்து விளக்கடித்துக் காட்டினார். அடியில் பொன்தூள் மாதிரி ஒரு மினுக்கம். கொஞ்சம்தான், ஆனால் இருந்தது.

"ஒட்டினதெல்லாம் சொட்டி முடியட்டும், ஒரு மணி நேரத்துல வரேன். பட்டறையில ஒருத்தன் ஸ்கூட்டரைப் பிரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொட்டகையில் இரண்டு பேரும் மட்டும் இருந்தார்கள். அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் பழைய டயர்மேல் உட்கார்ந்து, கையிலிருந்த கந்தல் துணியை நான்காக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். எண்ணெய் சொட்டாகிவிட்டது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் பேசலாம்.

"எண்ணெய்தான் காரணம்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"தெரியாதும்மா. சத்தியமா."

"சந்தேகம் எப்ப வந்தது?"

துணி இன்னொரு தடவை மடிந்தது.

"ரெண்டாவது வாரம்."

"நான் என் கை போச்சுன்னு உங்ககிட்ட அழுதது மொத வாரம். அப்புறம் ஆறு வாரம் கழிச்சு ராத்திரிச் சாப்பாட்டுல ஒரு தடவை சொன்னேன். சந்தையில விலை எறக்கிட்டு வந்து ஒரு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் தண்ணி எடுத்துக் குடுத்தீங்க."

அவர் தலையை ஆட்டினார்.

"எண்ணெயை மாத்தினேன், அதுவா இருக்கலாம்னு ஒரு வார்த்தை. நாலு எழுத்து. என்ன, அசிங்கமா இருந்ததா? கட்டைவிரல் தோத்துப்போச்சுன்னு ஊர் சொல்லுமேன்னா?"

"மொதல்ல அதுதான்."

"அப்புறம்?"

சொட்டு. இன்னொரு சொட்டு.

"அப்புறம் சாவி ஆணியில தொங்கிச்சு" என்றார். "அது அங்க தொங்கினதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வந்தது."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மேட்டுச் சாலையில நீ தனியாப் போறப்ப, அன்னைக்கு மாதிரி கயிறு நழுவிச்சுன்னா யாரு இருக்கா? கடையில உக்காந்து துணி கிழிச்சுக் குடுத்துக்கிட்டிருப்பேன். கண்ணு கடிகாரத்துல இருக்கும். இப்ப மேட்டுல இருப்பா, இப்ப இறங்கியிருப்பான்னு. வேன்ல போனா அந்தப் பயலாவது பக்கத்துல இருப்பான்னு தோணிச்சு. எண்ணெய் தப்போ சரியோ, நல்லதுதான் பண்ணுதுன்னு விட்டுட்டேன்."

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ சண்டை போடுவே."

"போட்டிருப்பேன்."

"ஜெயிச்சிருப்பே."

"ஆமா."

"அதான்."

அக்கா இடது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். உள்ளங்கையில் ரப்பர் பந்து அமுங்கி அமுங்கிக் காய்த்த இடம் தெரிந்தது. "சரியாப்போச்சுன்னு டாக்டரம்மா சொன்னதுக்கு அப்புறமும் நான் அமுக்கினேன், தெரியுமா? ரகசியமா. நூறு பத்தாதுன்னு இருநூறு. அந்த எண்ணெய்க்காக அமுக்கியிருக்கேன்."

தண்ணீர் எடுக்க எழுந்தவர், பாதியில் நின்று, திரும்ப உட்கார்ந்தார். அது ஒன்றுதான் அவர் அன்றைக்குச் செய்த கெட்டிக்காரத்தனம்.

மெக்கானிக் வந்தபோது அக்கா தானே பரண் எண்ணெயை இறக்கி வைத்திருந்தாள். கீழ்மூடிக்குப் புது வாஷர் போட்டு இறுக்கி, குழாய் வைத்து, மேல்மூடி ஓட்டையில் விளிம்பு வழியும்வரை ஊற்றினார்கள். விளக்கைப் பிடித்தவர் ஜவுளிக்காரர். அக்கா, "மேல, இன்னும் மேல, என் கண்ணுல இல்ல, ஓட்டையில" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் ஓடவிட்டு அதையும் வடித்து, மறுபடி புதிதாக ஊற்றினார்கள். பழைய தேன் மூலை முடுக்கில் ஒளிந்திருக்கும் என்றார் மெக்கானிக்.

"சுத்தமாச் சரியாயிடுமா?" என்று கேட்டாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "மூணாவது சரியாயிடும். ரெண்டாவதுல வளையம் கொஞ்சம் போயிருக்கு. எப்பவாவது கத்தும். நடுவுல ஒரு மூச்சு நிறுத்திட்டு மாத்துங்க. அவசரப்பட்டா கத்தும்."

"அப்ப இனிமே கத்தினா, அது வளையமா, என் கையான்னு எப்படித் தெரியும்?"

"அது தெரியாதுக்கா" என்றார் மெக்கானிக். பொய் சொல்லத் தெரியாதவரிடம் இதுதான் கஷ்டம்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வீட்டில் பேச்சு அளவோடுதான் இருந்தது. கடைக்கு டீ வந்தது. டீயோடு வழக்கமாக வரும் கேலி வரவில்லை. புதன் சாயந்திரம் அக்கா துணிச் சுருள்களுக்குக் கயிறு கட்டினாள். ஒரு தடவை முனை நழுவியது. எடுத்துக் கட்டினாள். கட்டி முடித்து, அவர் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"நாளைக்குக் கடையைப் பூட்டிட்டு வாங்க."

"எங்க?"

"சந்தைக்கு. பக்கத்துல யாராவது இருக்கணும்னு பயந்தீங்கல்ல. வேன்காரப் பயலைவிட நீங்க கொஞ்சம் தேவலை."

"வியாழக்கிழமை கடைக்கு ஆளு வருவாங்களே."

"கடையில உக்காந்து கடிகாரம் பாக்கறதுக்குப் பூட்டறதே மேல்."

வியாழன் காலை பனி அதிகம். சந்துச் சுவரெல்லாம் வேர்த்திருந்தது. பின் இருக்கையில் சுருள்கள், முன்னால் மடியில் ரொட்டிப் பொட்டலத்தோடு ஜவுளிக்காரர். முதல் கியரில் தகரக் கதவைத் தாண்டினார்கள். ரொட்டிக்கடை வந்தது. அக்கா கிளட்சை அமுக்கினாள், நடுவில் நிறுத்தினாள், ஒரு மூச்சு. கம்பி உள்ளே போயிற்று. சத்தமே இல்லை. மூன்றாவதும் போயிற்று. அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நல்ல சரக்கு என்று அதற்கு அர்த்தம்.

ஊரைத் தாண்டி, மேட்டுச் சாலை தொடங்கும் இடத்தில், முன்னால் போன மாட்டு வண்டிக்காக வேகத்தைக் குறைத்து இரண்டாவதுக்கு இறக்கினாள்.

கர்ர்.

அவள் தாடை இறுகுவதைப் பார்த்தார்.

"அது நான்" என்றார் ஜவுளிக்காரர்.

மேடு ஏறினார்கள். கண்ணாடியில் பனி படிந்தது. அவர் கைக்குட்டையால் துடைத்தார். முதல் வளைவில் இன்னொரு கர்.

"அதுவும் நான்தான்."

"எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்குவீங்களா?"

"நான் பண்ணினது. மொத்தமா எடுத்துக்கிறேன்."

மேட்டின் உச்சியில் பனி விலகி வெயில் வந்தது. கீழே சந்தையின் தகரக் கூரைகள் தெரிந்தன. சும்மா வழக்கத்துக்காகக் குறைத்துக் கேட்கிறவர்கள் எல்லாம் அங்கே கூடியிருப்பார்கள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசி வளைவில், மனசு ஏற்கெனவே கீழே போய் விலை சொல்லிக்கொண்டிருந்த அவசரத்தில், நடுவில் மூச்சு நிறுத்தாமல் கம்பியை இழுத்தாள்.

கர்ர்ர்ர்.

ஜவுளிக்காரர் வாயைத் திறந்தார்.

"சும்மா இருங்க" என்றாள் அக்கா. "இது நான்."